திரைப்பட விழாவும் ஒரு பூனைக்குட்டியும்

திரைப்பட விழாவொன்றுக்குச் செல்பவர் அங்கே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலியார் கேட்டார்கள். நானும் இணங்கினேன். ஆனால் நான் அறிந்தவற்றை எழுதுவதற்கு உட்கார்ந்தபோது, நோயுற்ற பூனைக்குட்டியொன்று குறுக்கே வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டு எழுத முயன்றேன், இயலவில்லை. விழா மண்டபத்தில் ஒழுக வேண்டிய முறையை நான் உள்ளபடி கற்றதும், பிணியுற்ற சிற்றுயிரைப் பேணும் முறையைக் கற்றதும் ஒரே கிழமையில் நிகழ்ந்தன. இரண்டிலும் பிழை செய்தேன். அவற்றுள் ஒரு பிழை ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. ஆகையால் இரண்டையும் சேர்த்தே சொல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நான் அதிபராகப் பணிபுரியும் அரசினர் பாடசாலையில் மாணவர் திரைப்படக் கழகம் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு நல்ல படத்தை மண்டபத்துச் சுவரிலே காட்டி, பின்னர் அதைப் பற்றிப் பேசுவது அக்கழகத்தின் வேலை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், அயல் நகரமொன்றில் நடைபெறவிருந்த விழாவுக்குப் பன்னிரண்டு மாணவரை அழைத்துச் செல்வதென்று ஒழுங்கு செய்திருந்தோம். சனி, ஞாயிறு இரு தினங்கள் விழாவில் இருப்பது எங்கள் திட்டம்.

அதற்கு முந்திய திங்கட்கிழமை மாலையில் பெருமழை பெய்தது. நூல்நிலையத்தின் பின்புறம், உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கும் அறையிலிருந்து மெல்லிய குரல் கேட்பதாக விடுதி மாணவிகள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பூனைக்குட்டிகள். இரண்டும் நனைந்து விறைத்துக் கிடந்தன. தாய்ப்பூனையைக் காணவில்லை. இரவு ஏழு மணி வரையில் காத்திருந்தும் அது வரவில்லை. மாணவிகள் விடுதிச் சமையலறையிலே பால்மாவைக் கரைத்து, சிறு கரண்டியால் இரண்டுக்கும் ஊட்டினார்கள். “பால் கொடுக்கலாமா, சேர்?” என்று அவர்கள் என்னைக் கேட்டதும், “முதலில் அதைச் செய்யுங்கள்” என்று நான் விடை கூறியதும் நன்றாக நினைவிருக்கின்றன. பசித்த உயிருக்கு உணவு கொடுப்பதிலே பிழை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சிறிய குட்டி இறந்துவிட்டது. மூக்கின் ஓரத்திலே பால் காய்ந்திருந்தது.

மற்றதை எடுத்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த வைத்தியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் நடந்ததைத் தெளிவாக விளக்கினார். குளிர்ந்துபோன குட்டிக்கு உணவு கொடுத்தல் ஆகாது என்பதே அவர் சொன்ன முதற் பாடம். வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கும் 39 பாகைக்கும் இடையிலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். பிறந்த குட்டிக்கு அஃது இரண்டு மூன்று பாகை குறைவு. மேலும், முதல் மூன்று நான்கு கிழமைகளுக்குக் குட்டி தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அற்றது. தாயின் வயிறும் கூடப்பிறந்த குட்டிகளின் நெருக்கமுமே அதன் அடுப்பு. வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் குடலின் அசைவு நின்றுபோகிறது. உள்ளே சென்ற பால் செரிக்காமல் கிடக்கும். விழுங்கும் வலுவும் குறைந்திருப்பதால் பால் மூச்சுக்குழலில் இறங்கிச் சுவாசப்பையை அடைத்துவிடும். எங்கள் சிறிய குட்டிக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுவே என்றார்.

ஆகவே வெப்பமே முதல் மருந்து. அதையும் அவசரப்பட்டுக் கொடுத்தல் கூடாது. ஈரத்தைத் துவாயால் ஒற்றியெடுத்து, மட்டைப்பெட்டியொன்றில் பழைய சாரத்தை மடித்து விரித்து, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியாற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்திலே மட்டும் வைத்தல் வேண்டும். மறு பக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி அப்பால் நகர்ந்துகொள்ளும். போத்தல் ஆறினால் உடனே மாற்றிவிட வேண்டும். ஆறிய போத்தல் குட்டியின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ சென்று, பாதங்களும் வாயின் உட்புறமும் இளஞ்சூடாகத் தெரிந்த பின்னரே உணவு. குட்டி துவண்டு கிடந்தால், அதற்கிடையில் ஈறிலே சிறிதளவு சீனிப்பாகைத் தடவலாம். வைத்தியரிடம் கொண்டுபோகும் வரையில் அது தாங்க உதவும்.

இரண்டாம் பாடம் பாலைப் பற்றியது. பூனைக்குப் பசுப்பால் கொடுப்பது நம் வீடுகளிலே வழிவழியாக வந்த வழக்கம். சித்திரப் புத்தகங்களிலே கூடப் பூனைக்கு முன்னால் ஒரு பாற்கிண்ணம் இல்லாமல் இராது. ஆயினும் பசுப்பாலில் உள்ள பாற்சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. குட்டிக்கு அதனால் வயிற்றோட்டம் உண்டாகும். முந்நூறு கிராம் நிறையுள்ள ஓர் உடலிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கினால் அது வற்றிப்போக ஒரு நாள் போதும். பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட மாற்றுப் பால்மா மிருக வைத்திய நிலையங்களிற் கிடைக்கிறது. அதையே கொடுத்தல் வேண்டும்.

கொடுக்கும் முறையும் முக்கியம். கைக்குழந்தையை மடியிலே மல்லாத்திப் பாலூட்டுவது போலக் குட்டியை ஒருபோதும் மல்லாத்தக் கூடாது. தாயிடம் பால் குடிக்கும்போது அது வயிற்றை நிலத்திலே வைத்துத் தலையைச் சற்று நிமிர்த்தியிருக்கும். நாமும் அப்படியே வைக்க வேண்டும். ஊசி கழற்றிய சிறிய சிரிஞ்சினால் வாயின் ஓரத்திலே துளித்துளியாக விட்டு, அது விழுங்குவதைப் பார்த்த பின்னர் அடுத்த துளியை விட வேண்டும். பிறந்த குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் பகலிலும், உணவு தேவை. எங்கள் குட்டிக்குக் கண் திறந்திருந்தது, காதுகள் நிமிர்ந்திருந்தன, முன்பற்கள் அரும்பத் தொடங்கியிருந்தன. அதனால் வயது மூன்று கிழமை என்று கணித்த வைத்தியர், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு மில்லிலீற்றர் அளவில் கொடுக்கச் சொன்னார். பால் குடித்ததும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சினால் அடிப்புறத்தை மெல்லத் துடைக்கவும் வேண்டும். தாய் நாவினால் நக்கிச் செய்யும் வேலை அது. அது நடைபெறாவிட்டால் அவ்வயதுக் குட்டி சிறுநீர் கழிப்பதற்கும் மலங் கழிப்பதற்கும் இடர்ப்படும். விடுதி மாணவிகள் இதைக் கேட்டு முகஞ் சுளித்தார்கள். எனினும் அன்று மாலையே முறை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

குட்டி தேறுகிறதா, தளர்கிறதா என்பதை அறிவதற்குக் கண்ணை விடத் தராசு நம்பத்தக்கது. நலமுள்ள குட்டி நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக நிறை ஏறும். ஒரு நாள் நிறை ஏறாவிட்டால் கவனிக்க வேண்டும். குறைந்தால் வைத்தியரை நாட வேண்டும். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத் தராசிலே செவ்வாயன்று 290 கிராம் இருந்தது. புதனன்று 284. வியாழனன்று 291. பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி இவற்றைக் கோடிட்ட தாளிலே வரைபாக வரைந்து பெட்டியின் பக்கத்திலே ஒட்டினாள். கணித பாடத்திலே வரைபு என்றால் எட்டி நிற்பவள் அவள்.

எங்கள் குட்டிக்குத் தடிமனும் இருந்தது. பூனைகளின் தடிமன் பெரும்பாலும் இருவகை வைரசுக்களினால் உண்டாவது, மனிதருக்குத் தொற்றுவதன்று. நமக்குத் தடிமன் பிடித்தால் இரண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போகிறோம். பூனைக்குட்டியின் நிலை வேறு. பூனை மணத்தினாலேயே உணவை அறிகிறது. மூக்கு அடைபட்டால் முன்னால் இருப்பது உணவென்றே அதற்குத் தெரியாது, உண்ணாமல் விட்டுவிடும். ஆகவே கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினால் மூக்கையும் பீளை சேர்ந்த கண்களையும் நாளில் பலமுறை துடைத்தல் வேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மற்றக் கண்ணுக்கு வைக்கலாகாது. கண்மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் வைத்தியர் தந்தால் மட்டுமே. வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால், வீட்டு வைத்தியம் எதுவும் உதவாது. அந்த நிமிடமே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிட்டமோல் குளிசை பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே குளிசை வளர்ந்த பூனையையும் கொல்லக்கூடும். குட்டிக்கு அதன் சிறு துண்டும் போதும். அதேபோல, நாய்களுக்கான தெள்ளு மருந்துகளிற் சிலவற்றில் பெர்மெத்திரின் என்ற பொருள் உண்டு. அதுவும் பூனையைக் கொல்லும். குட்டியின் தெள்ளை நெருக்கமான சீப்பினாலே வாரி எடுத்தலே நலம். குட்டிகளிடையே வாந்தியும் வயிற்றோட்டமுமாகப் பரவும் பாவோ வைரசு நோய் மிகக் கொடியது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டுக் கிழமை வயதிலே தொடங்கிச் சில கிழமை இடைவெளியில் மீண்டும் போடப்படும். தெருவிலிருந்து எடுத்த குட்டியைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அது கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் நாய்க்கு மட்டும் உரியதன்று.

இனி விழாவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை காலையிலே, வரைபு வரைந்த மாணவி என் அறைக்கு வந்து, “நான் விழாவுக்கு வரவில்லை, சேர். இதை யாரிடமும் விட்டுவிட்டு வர ஏலாது” என்றாள். திரைப்படக் கழகத்தின் செயலாளர் அவள். ஒரு படத்தையும் தவறவிடாதவள். குட்டியைக் கூடையில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு மாணவன் யோசனை சொன்னான். அஃது ஆகாது. இருட்டிலே நூற்றுக்கணக்கானோர் கூடியிருக்கும் இடத்தில் நோயுற்ற விலங்கைக் கொண்டு சென்று வைப்பது அதற்கும் கொடுமை, அங்கிருப்போருக்கும் இடையூறு. எங்கள் ஆசிரியை ஒருவரின் தமக்கையார் விழா நடக்கும் நகரிலேயே, மண்டபத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் வசிக்கிறார். அவர் பார்த்துக்கொள்ள இசைந்தார். விழாவின் நிகழ்ச்சி நிரலையும் குட்டியின் உணவு நேரங்களையும் ஒரே தாளிலே அருகருகே எழுதினோம். காலை பத்து மணிக்கு ஒரு படம், பன்னிரண்டரைக்கு உணவு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு படம், நாலரைக்கு உணவு. இவ்வாறு எழுதியதிலே, வேறொரு நன்மையும் விளைந்தது. நாளுக்கு ஐந்து படம் பார்ப்போம் என்று துள்ளிய மாணவர்கள், இரண்டைத் தெரிந்தெடுத்து அவற்றைப் பற்றி முன்கூட்டியே படித்து வந்தார்கள். விழாவுக்குச் செல்வோர் செய்ய வேண்டிய முதற் காரியமும் அதுவே. விழாக் கையேட்டை வாசியாமல் கண்டபடி நுழைந்து, இருபது நிமிடத்திலே “இது என்ன படம்?” என்று எழுந்து வருவோரை நான் பல விழாக்களில் கண்டிருக்கிறேன்.

திரைப்பட விழா என்னும் வழக்கம் 1932ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரத்து லீடோ தீவில், ஒரு விடுதியின் மேன்மாடத்திலே தொடங்கியது. அந்த முதல் விழாவிலே நடுவர் குழு இருக்கவில்லை. பார்வையாளரின் வாக்குகளே சிறந்தவற்றைத் தெரிந்தன. பிரான்சின் கான் விழா 1939 செப்ரெம்பரிலே தொடங்கவிருந்தபோது போர் மூண்டது. அது 1946இலேயே முதன்முறையாக நடைபெற்றது. இந்தியாவின் சர்வதேச விழா 1952இல் பம்பாயிலே தொடங்கிச் சென்னை, டில்லி, கல்கத்தா என்று நகர் நகராகச் சென்றது. நமது நாட்டுக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘ரேகாவ’ 1957இல் கான் விழாவிலே போட்டியிட்டது. அவருடைய ‘கம்பெரலிய’ 1965இல் டில்லியிலே தங்கமயில் பரிசைப் பெற்றது. யாழ்ப்பாணத்துச் சர்வதேசத் திரைப்பட விழா 2015இலே தொடங்கியது.

சாதாரணப் பட மாளிகைக்கும் விழா மண்டபத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு விளக்குவது எளிதாக இருக்கவில்லை. முதல் நாள் முதற் காட்சியில், கதாநாயகன் தோன்றும்போது விசிலடித்துக் கடதாசித் துண்டுகளை வீசும் வழக்கத்தை நான் இகழவில்லை. அந்தப் படம் அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. அங்கே மௌனமாக இருப்பவனே முறை தெரியாதவன். என் இளமையிலே நானும் விசிலடித்தவன்தான். அந்தப் படம் நாளைக்கும் ஓடும். விழாவிலே காட்டப்படும் படமோ ஒரே முறை, மிஞ்சினால் இரு முறை ஓடிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடும். பக்கத்திலிருப்பவர் தவறவிட்ட ஒரு காட்சியை அவர் வாழ்நாளிலே மறுபடி பாராமலே போகலாம். இந்த வேறுபாட்டை உணர்ந்தால் மற்றெல்லாம் தாமே விளங்கும். பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து வரிசையில் நிற்றல். வராத நண்பருக்காகக் கைக்குட்டையை விரித்துக் கதிரைகளைப் பிடிக்காதிருத்தல். சரசரக்கும் பொதிகளை உள்ளே கொண்டு செல்லாதிருத்தல் எல்லாம் அதன் கிளைகளே. கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் பக்கத்திலிருப்பவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவோர் நம்மவரிடையே பலர். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இக்காரியம் நாலு வரிசைக்குத் துன்பம் தருகிறது. திரையைக் கைத்தொலைபேசியாற் படம் பிடிப்பது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, பிறர் உடைமையைக் கவர்வதுமாகும்.

பாதியில் எழுந்து போகலாமா என்று மாணவர் கேட்டார்கள். போகலாம், எவரையும் கட்டி வைத்திருக்க முடியாது. ஆனால் அதற்கு முன் 1960ஆம் ஆண்டு கான் விழாவிலே நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவென்தூரா’ என்னும் படத்தின் முதற் காட்சியிலே மண்டபம் கூச்சலிட்டது; ஏளனமாகச் சிரித்தது. நடிகை மோனிக்கா வித்தியும் இயக்குநரும் அந்த அவையிலேயே இருந்தார்கள். மனம் நொந்து வெளியேறினார்கள். மறுநாள் திரைக்கலைஞரும் விமரிசகரும் பலர் அந்தப் படத்தை ஆதரித்து அறிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டார்கள். நடுவர் குழுவின் பரிசும் அதற்குக் கிடைத்தது. இன்று உலகத்தின் பெரும் படங்களுள் ஒன்றாக அதை வைத்து எண்ணுகிறார்கள். கூச்சலிட்டவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. நான் மாணவருக்குச் சுட்டிக்காட்டியது அந்த இருவரும் அவையில் இருந்தார்கள் என்பதை. விழாவிலே படத்தை ஆக்கியவர் பெரும்பாலும் நமக்குப் பின்னாலே, இருட்டிலே உட்கார்ந்திருப்பார். எழுந்து போக வேண்டியிருந்தால், தொடக்கத்திலேயே நடைபாதை ஓரத்துக் கதிரையை எடுத்துக்கொண்டு, காட்சி மாறும் வேளையிலே குனிந்து, பேசாமற் போக வேண்டும்.

இத்தனையும் சொன்னவன் செய்ததை இனிக் கேளுங்கள். சனிக்கிழமை பிற்பகல் மண்டப வாயிலிலே, மாணவர் அனைவரும் கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். என்னுடையதை நிறுத்தவில்லை. குட்டியைப் பற்றிச் செய்தி வந்தால் யாராவது அறிய வேண்டுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஒலியை மட்டும் அடக்கிச் சட்டைப் பையிலே வைத்தேன். அயல்நாட்டு இளம் இயக்குநர் ஒருவரின் படம். ஆற்றங்கரைக் கிராமமொன்றைப் பற்றியது. நாற்பது நிமிடமளவிலே, இருட்டறையொன்றில் ஒரு கிழவன் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி. திரை முழுவதும் கருமை. அந்தக் கருமையிலே என் சட்டைப் பை பளீரென்று ஒளிவிட்டது. வெள்ளைச் சட்டை வேறு. முன்வரிசையிலும் பக்கத்திலும் தலைகள் திரும்பின. பின்னாலிருந்த மூதாட்டி ஒருவர் என் தோளைத் தொட்டு, “ஐயா, வெளிச்சம்” என்றார். அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளாக மாணவரை அமைதியாக இருக்கச் சொல்லி வந்த எனக்கு அந்த இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன. நடைபாதை ஓரத்திலே அமர்ந்து, மண்டபப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, தொலைபேசியை அதிரும்படி மட்டும் வைத்து, முகம் கீழ்ப்பட மடியிலே வைத்திருந்தால், யாருக்கும் தெரியாமல் வெளியே போய்ப் பேசியிருக்கலாம். அதை நான் அப்போதே அறிந்திருந்தேன், மாணவருக்குச் சொன்னேன், எனக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

செய்தி தமக்கையாரிடமிருந்து வந்தது. குட்டி பால் குடிக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஓரத்துக் கதிரையில் அமர்ந்திருந்த மாணவிக்கு நான் கையைக் காட்டியதுமே அவள் புரிந்துகொண்டாள். ஆசிரியையோடு குனிந்தபடி வெளியேறினாள். அவர்கள் எழுந்ததை அடுத்த வரிசைக்காரரும் கவனித்திரார் என்றே நினைத்தேன்.

அந்நகரத்து மிருக வைத்தியர் ஒருவர் குட்டியின் மூக்கைச் சுத்தப்படுத்தி, ஊசி மருந்து ஏற்றினார். மூக்கிலே சளி இறுகாதிருப்பதற்கு ஈரமான காற்று உதவும் என்றார். அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியிலே கொதிநீரை ஊற்றி, எட்டாத் தூரத்தில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாணவியும் ஆசிரியையும் பத்துப் பத்து நிமிடமாக உட்கார்ந்திருந்தார்கள். நீராவிக்கு நேர் மேலே பிடித்தல் கூடாது. அந்த அறையின் காற்றே போதும். நள்ளிரவு கடந்த பின்னர் ஐந்து மில்லிலீற்றர் குடித்தது. சனிக்கிழமை நிறை 289 கிராம்.

ஞாயிறு காலையிலே தேநீர் வழங்கும் இடத்தில் அந்த இயக்குநர் நிற்பதைக் கண்டு, மாணவி தானாகவே அவரிடம் சென்றாள். ஆங்கிலத்திலே தட்டுத் தடுமாறித் தொடங்கினாள். விழாவின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உதவினார். நேற்றுப் பாதியில் எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்டு, காரணத்தையும் சொன்னாள். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “கிழவன் இருட்டிலே உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருவர் போனதைப் பார்த்தேன். அந்தக் காட்சியை நீட்டிவிட்டேனோ என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். அப்புறம் குட்டியின் பெயரைக் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றாள்.

படக்காட்சியின் பின் நடைபெறும் உரையாடலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மவருக்கு ஒலிவாங்கி கையிலே கிடைத்தால் வினா மறந்து சொற்பொழிவு பிறக்கும். நான் கண்ட அளவில், வினா கேட்க எழுந்தவர் பத்து நிமிடம் பேசி, இறுதியில் “இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று முடிப்பது எல்லா விழாக்களிலும் நிகழ்கிறது. “இந்தப் படத்தால் என்ன சொல்ல வருகிறீர்கள்?” என்பது இன்னொன்று, இரண்டு மணி நேரம் சொன்னதை இரண்டு வரியிலே திருப்பிச் சொல்லும்படி கேட்பது அது. படத்திலே கண்ட ஒன்றைச் சுட்டி, அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்டால், ஆக்கியவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

மாணவி அவரிடம் படத்தின் முடிவைக் கேட்டாளாம். அவர் சொல்ல மறுத்துவிட்டு, “இன்று பிற்பகல் மறுபடியும் காட்டுகிறார்கள்” என்றாராம். தாளை எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் முறை காட்டும் நேரமும் குட்டியின் உணவு நேரமும் ஒன்றாக இருந்தன. முடிவை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டவன். ஆகவே அவளை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, தமக்கையார் வீட்டு விறாந்தையிலே, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிரிஞ்சோடு உட்கார்ந்தேன். முதலிற் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. பன்னிரண்டு மில்லிலீற்றரும் உள்ளே போக முக்கால் மணி நேரம் பிடித்தது. என் கைத்தொலைபேசி அவ்வேளையிலே நான்கு முறை ஒலித்தது. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆய்வுகூடத் தராசு 305 கிராம் காட்டியது. மாணவி அதை வரைபிலே குறித்து, அதன் கீழே, படத்தின் முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்.